கொள்ளைக்காரனுக்குப் படம் போட்ட பையன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் அண்ணன் வீட்டார் எல்லோரும் சுகம், என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. நீ அனுப்பிய பார்சலைப் பிரித்த நாளிலிருந்துதான் அந்தப் பல் அதிகமாக வலிக்கிறது என்று அம்மா கேலி செய்கிறாள், செய்துவிட்டுப் போகட்டும். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன வாரம் அம்மா போனில் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்று வருத்தப்பட்டாயாமே, திறந்தால் ஏதாவது ஏடாகூடமாக வந்து விழும் என்றுதான் திறக்கவில்லை. கடிதமென்றால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இதற்கு முன்னால் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

உன் கடல் கொள்ளைக்காரன் புத்தகத்தை முழுதும் படித்தேன். பாட்டெல்லாம் பிரமாதம், அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. அதிலும் அந்தக் குளிக்காதவன் பாட்டு:

கொண்டை போட்ட கொள்ளைக்காரன்
குளிக்கப் பயந்தான் கடலிலே
நாலு மாதம் நனையாமல்
நாறிப் போனான் படகிலே

பட்டறையில் ஏணி மேல் நின்று படகுக்குப் பெயர் எழுதும்போதுகூட இதுதான் வாயில் வருகிறது, நேற்று ஒரு படகின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு அப்புறம் சுரண்டித் திருத்தினேன். என் குறை படத்தின் மேல்தான். படம் போட்ட அந்தப் பையனை எங்கே பிடித்தாய் என்று தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் கொள்ளைக்காரனுக்கு இடது கண்ணில் கறுப்புத் துணி, ஏழாம் பக்கத்தில் வலது கண்ணில். போன கண் எப்படியம்மா திரும்ப முளைத்தது? கொடி ஒரு பக்கம் பறக்கிறது, பீரங்கிப் புகை எதிர்ப் பக்கம் போகிறது, பாய் நம்மைப் பார்த்து உப்பிக்கொண்டு நிற்கிறது, ஒரே கடலில் மூன்று காற்றா? நங்கூரத்தைத் துவைத்த துணி மாதிரி கொடிக்கம்பத்தில் காயப் போட்டிருக்கிறான். நாற்பது வருஷம் படகோடு கிடந்தவன் சொல்கிறேன், அந்தக் கப்பல் கரையை விட்டு ஒரு முழம் நகர்ந்தால் குப்புறக் கவிழும். அட்டையில் உன் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் அதே அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.

எனக்கு ஆள் பலம் வேண்டுமென்று புத்தகத்தைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். எங்கள் தச்சரை உனக்குத் தெரியும், ஒரு பலகை நூலிழை விலகினாலும் மூன்று நாள் சாப்பிடாமல் புலம்புகிற மனுஷன், அவர் அந்தக் கப்பலைப் பார்த்தால் கொதித்துப் போவார் என்று நம்பித்தான் நங்கூரப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், உடம்பு குலுங்கியது, கண்ணாடி மரத்தூளில் விழுந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரிக்கிறார். கொள்ளைக்காரன் நாற்றம் தாங்காமல் அவன் கிளியே மூக்கைப் பொத்துகிற படம் இருக்கிறதே, அதைக் கடையில் பிரதி எடுத்துத் தன் உளிப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக நான் வரைந்த ஒன்றையும் அவர் ஒட்டியதில்லை. அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். அண்ணன் பெண் சுண்டெலி, பள்ளி விட்டு வந்ததும் என் மடியில் ஏறி யானை வரை தாத்தா, ரயில் வரை தாத்தா என்று உயிரை எடுப்பவள், இப்போது அந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிகிறாள், குளியலறைக்குப் போகும்போது மட்டும் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். படம் போட்ட மாமா நம் வீட்டுக்கு வருவாரா என்று என்னிடமே கேட்டாள். அவருக்கு வேலை அதிகம், வரமாட்டார் என்று சொன்னேன். எனக்கு அவனைத் தெரியாது, அவன் வேலையும் தெரியாது, வயிற்றெரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொறாமைதான், வேறு பெயர் வைத்துச் சொல்ல வரவில்லை.

இதையெல்லாம் நான் பத்துப் பன்னிரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்ததில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. காய் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவ முதல்ல உங்ககிட்டதானே கேட்டா. நாலு வருஷம் ஆச்சு. நீங்க கப்பலத்தான் கட்டினீங்க, ஆள எங்க ஏத்தினீங்க?" என்றாள். படம் போடச் சொல்லி நீ பாட்டுகளை அனுப்பிய அன்று ராஜா மாதிரி நடந்தேன், அது உனக்குத் தெரியாது. என் மகள் பாட்டுக்கு வரைகிற கப்பல் மிதக்கிற கப்பலாக இருக்க வேண்டும் என்று பலகை பலகையாக எண்ணி, கயிறு முடிச்சு வரைக்கும் கணக்காக வரைந்தேன், பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, அடிப்பாகம் தனியாக. ஆளை வரையும்போதுதான் கை நின்றது. பட்டறைக்கு வருகிற படகு எல்லாம் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் வரும், நான் ஆயுசு முழுதும் பார்த்தது காலிப் படகுதான். ஒரு கொள்ளைக்காரனை வரைந்து பார்த்தேன், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தவன் மாதிரி விறைப்பாக நின்றான். அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றே இரண்டு வருஷம் ஓட்டினேன். நீயும் ஐந்தாறு தடவை கேட்டாய், அப்புறம் கேட்பதை நிறுத்தினாய். மகள் அப்பாவை அவசரப்படுத்தக் கூடாது என்று இருக்கிறாள் என நினைத்துப் பெருமைப்பட்டேன். நீ வேறு ஆளைத் தேடிக்கொண்டாய் என்பது பார்சலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது, ஆனால் சொல்ல முடியாத இடத்தில் உன்னை நிறுத்தி வைத்தவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை பீரோ மேலிருந்து அந்தக் கப்பல் தாள்களை இறக்கி சுண்டெலி முன்னால் விரித்தேன், அவளையாவது என் பக்கம் இழுக்கலாம் என்ற ஆசைதான். நல்ல பிள்ளையாகக் குனிந்து முழுக்கப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "இதுல இருந்தவங்கல்லாம் எங்க போயிட்டாங்க, தாத்தா?" என்று கேட்டாள். கரைக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று சமாளித்தேன். நான் மூக்குக் கண்ணாடி துடைக்கிற நேரத்துக்குள் சிவப்புப் பென்சிலை எடுத்து என் மேல்தளத்தின் நட்ட நடுவில் ஒரு கொண்டைக்காரனை வரைந்துவிட்டாள், இரண்டு வருஷ வேலையின் மேல். கை ஓங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் கால்கள் இரண்டும் நீளமாக இருந்தன, ஒரு காலால் கம்பத்தைத் தழுவிக்கொண்டு கடலைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தான், நான் உட்கார்ந்த இடத்திலேயே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டேன். அந்தப் பையனிடமிருந்துதான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதுவும் எனக்குத் தெரிகிறது.

கப்பல் தாள்கள் மூன்றையும் தனியாகச் சுருட்டி அனுப்பியிருக்கிறேன், மேல்தளத்தில் அந்த அலறுபவனோடுதான். அந்தப் பையனிடம் கொடு, உபயோகப்பட்டால் ஆட்களை ஏற்றிக்கொள்ளட்டும். உன் வாழ்வும் உன் எழுத்தும் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். என் பங்குக்கு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பாட்டு எழுதியதும் அவனுக்கு அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னால் எனக்கு அனுப்பு. வரைவேன் என்று பயப்படாதே. அதைப் படித்து முதலில் சிரிப்பவன் நானாக இருக்க வேண்டும், அந்த ஒன்றை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் அப்பா