பதினாறாம் பாகத்தில் திருந்திய ரத்தக்காட்டேரி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரம்மாவுக்குக் கண் தெரியாது. மத்தியானம் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு ரத்தக்காட்டேரியின் கதை, பதினாறு பாகம். பதினைந்து பாகம் கண்டவர் கழுத்தையெல்லாம் கடித்தவன், பதினாறாவதில் மண்டியிட்டு ஒரு பக்கம் முழுக்க அழுகிறான். கடவுள் மன்னித்துவிடுகிறார், சாபமும் நீங்கிவிடுகிறது. கடிபட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சலில் அந்த அத்தியாயத்தையே தாண்டிவிட்டேன். அந்தம்மா பிடித்துவிட்டார்.

“ஏம்மா, வெயில் பட்டா சாம்பலாயிடுவானே, இப்ப எப்படிப் பட்டப்பகல்ல தோட்டத்துல உலாத்துறான்?”

திரும்பிப் போய் வாசித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொட்டாவி வந்தது.

தலையணை உறை ஒன்று தைத்து அனுப்பு. இங்கே விற்பது ஈரம் பட்டால் கன்னத்தில் ஒட்டுகிறது.

உன் கையை ஒடித்துவிட்டு ஓடிய அப்பா, கடவுளே மன்னித்துவிட்டார் என்று வாசலில் வந்து நிற்பதாக எழுதியிருக்கிறாய். என்ன செய்வதென்று என்னைக் கேட்கிறாய்.

அந்தம்மா மணி அடிக்கிறார், ஓட வேண்டும். அந்தக் கதையில் உருப்படியான விஷயம் ஒன்றுதான்: வீட்டிலிருப்பவர் வா என்று கூப்பிடாமல் காட்டேரியால் வாசற்படி தாண்ட முடியாது.

நீ கூப்பிடாதே.

உன் மகள்