கர்னல் கிழித்த கால்சட்டை

மார்ச் 4
நாய்க் காப்பகத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததும் அத்தனை நாய்களும் எழுந்து நின்று மரியாதை செய்தன. குரைத்தன என்று தங்கச்சி சொல்வாள். வாசலிலேயே நின்றவளுக்கு என்ன தெரியும்? ஒன்று மட்டும் எழவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தது. சாம்பல் நிறம், மடிந்த காது, தாடையில் நரை. என்ன ஜாதி என்றேன். "எல்லாம் கலந்தது" என்றார் டாக்டரம்மா. ராஜ வம்சமே கலப்புதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"துடைப்பத்தைப் பார்த்தாலே ஒண்ணுக்குப் போயிடும். அவ்வளவு அடி வாங்கியிருக்கு. ரெண்டு வீட்ல கொண்டுபோய்த் திருப்பி விட்டுட்டாங்க. இனிமே கடிச்சுதுன்னு புகாரோட வந்தா, கொல்ற ஊசிதான்."

நானா திருப்பி விடுவேன்? எட்டாம் வகுப்போடு நின்றவன், ஒத்துக்கொள்கிறேன். எடுத்த காரியத்தை விட்டவனில்லை. அங்கே சாம்பல் என்று கூப்பிட்டார்கள். நான் கர்னல் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 6
கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. துடைப்பத்தைப் பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். வீடு குப்பை. இருக்கட்டும்.

மார்ச் 11
நான் வேலை பார்க்கும் டயர் கடைக்குக் கூட்டிப்போனேன். பழைய லாரி டயருக்குள் சுருண்டுகொண்டது, அளவெடுத்துச் செய்த மாதிரி. "இதுவாய்யா கர்னல்? காக்கா வந்தா சல்யூட் அடிக்கும் போலிருக்கே" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். என்னைச் சொன்னால் பரவாயில்லை.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். ஒரு வரியாகத்தான் ஆரம்பித்தேன்: வீட்டுக்குத் திருடன் வந்தான், கர்னல் தொடையைக் கவ்விவிட்டது. "சாட்சி?" என்றார் முதலாளி. சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு ஓடி, என் பழைய காக்கிக் கால்சட்டையைக் கிழித்து ஒரு துண்டைக் கொண்டுவந்து, திருடனுடையது என்று கடைச் சுவரில் ஆணியடித்தேன். பார்க்க வராத ஆளில்லை. தெருவே கர்னலுக்கு வழி விடுகிறது.

தங்கச்சி மட்டும், "ஈயைக்கூட விரட்டாது அது. எதுக்குண்ணா உனக்கு இந்த வாய்?" என்றாள்.

மார்ச் 23
தானாக வந்து என் செருப்பின்மேல் தலையை வைத்துத் தூங்கியது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்தே போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2
தெருமுனையில் தையல்காரர் மகளை ஏதோ நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் தையல் போட்டிருக்கிறார்களாம், பாவம் சின்னப் பிள்ளை. சாம்பல் நிற நாயாம். அந்த நேரம் கர்னல் டயருக்குள் கிடந்தது. பக்கத்தில் நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கடையில் வேறு யாருமில்லை. ஆனால் நிஜம். அம்மா சத்தியமாக நிஜம்.

ஏப்ரல் 3
தையல்காரர் வந்தார். பின்னாலேயே நகராட்சி ஆட்கள். அவர் கத்தக்கூட இல்லை. "உங்க பொண்ணா இருந்தா விடுவீங்களா?"

இது கடிக்காதுங்க என்றேன். சுவரைக் காட்டினார். "அப்ப அது என்ன?"

என் கால்சட்டைதாங்க, நானே கிழிச்சேன்னேன். ஒருத்தரும் நம்பல. முதலாளியைப் பார்த்தேன். "நாய்க்காக இப்ப மாத்திப் பேசறியேப்பா"ன்னார். மீதித் துணியைக் காட்டலாம்னா, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். பொய்க்கு ஒரு கந்தல் போதுமா இருந்துச்சு. உண்மைக்கு எதைக் கிழிக்கிறது?

கம்பி வளையத்தைக் கழுத்துல மாட்டுனாங்க. கத்தல. ஒண்ணுக்குப் போச்சு. என்னையே பார்த்துச்சு.

ஏப்ரல் 14
பத்து நாள் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். வெறி இல்லை. புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. டாக்டரம்மா நான் சொன்னதை நம்பினார். "நான் நம்பி என்னங்க? நீங்க சொன்னதைத்தான் ஊரே சாட்சி சொல்லுது."

ஊசி போடும்போது கூட இருக்க விட்டார்கள். செருப்பைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தேன். சாம்பல் என்று கூப்பிட்டேன். வந்து தலையை வைத்தது.

ஏப்ரல் 21
கடைக்குப் புதிதாக வந்த லாரிக்காரர், பழைய டயருக்குள் கிடந்த சாக்கைப் பார்த்து, "நாய் இருந்துச்சா? என்ன நாய்?" என்றார். முதலாளி வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்.

"சாதா நாய்" என்றேன். "துடைப்பத்துக்குப் பயப்படும்."

வீடு இன்னும் பெருக்கவில்லை.