நீ திறக்காத மூன்று பாதைகள்

அன்பு மாப்ள சரவணா,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் நாற்காலியில் என்னைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். ஏரி மதகுகளில் மாட்டும் நம் கேமரா பெட்டியை இயக்க நீ எழுதிய மென்பொருள், அந்தக் கர்னல் டிரைவர், இப்போது என் தலையில். சர்க்யூட் போர்டு வரைகிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வசமாக மாட்டிக்கொண்டேன்.

மெமரி கார்டுக்குத் தரவு போக நான்கு பாதைகள் இருக்க, நீ ஒன்றை மட்டும்தான் திறந்து வைத்திருந்தாய். பதிவு மெதுவாகி, தண்ணீர் ஏறுகிற நேரத்தில் படங்கள் விட்டுப்போகின்றன. "இறந்தவரைக் குறை சொல்லக் கூடாதுதாங்க. ஆனா மூணைத் திறக்காமயே விட்டுட்டாரே" என்றார் மேனேஜர். மீட்டிங்கில் அவர் திட்டும்போதெல்லாம் "என் டிரைவர்தான் சார், பாக்குறேன்" என்பாயே. நானும் அதை நம்பினேன்.

போன வாரம் நான்கையும் திறந்தேன். இனி நான்கு பாதை என்று கார்டுக்கும் சொல்ல வேண்டும், நம் பெட்டியின் சிப்புக்கும் சொல்ல வேண்டும். எதற்கு முதலில் என்ற வரிசையைப் பிடிக்கவே இரண்டு நாள் போயிற்று. பிறகு பதிவு பறந்தது. பெட்டி சூடாகும் வரைதான். அப்புறம் பிழைக்கு மேல் பிழை. சிக்னலை அலைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் மூன்றாவது பாதையில் சிக்னல் நடுங்குகிறது. போர்டில் அந்தப் பாதையை, சிக்னலைக் கெடுக்கும் பவர் சப்ளையை ஒட்டி இழுத்தவன் நான்.

உன் ஃபோல்டரில் அதே நடுக்கத்தின் படம் இருந்தது. அப்படியென்றால் உனக்குத் தெரியும். ஏன்டா சொல்லவில்லை? எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை என்பதாலா? அதற்காக நீ திட்டு வாங்குவாயா? கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி, அதான் நம்ம தங்கச்சி, காபி கொடுத்துக்கொண்டே கேட்டது.

"அவரு வேலைல தப்பு இருந்துச்சாமேண்ணா, நெசமா?"

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று பாதிக் காபியோடு எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் மாட்டிய பெட்டிகளையெல்லாம் கழற்றி வர வேண்டும், என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் பழி உன் பேரிலேயே கிடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். பழையபடி ஒற்றைப் பாதைக்கே மாற்றிவிட்டு, 'டிரைவரைச் சரிசெய்ய முடியவில்லை' என்று மெயில் எழுதினேன். அனுப்பக் கை வரவில்லை. அழித்துவிட்டேன்.

நாளைக்குத் தென்னூர் ஆபீஸில் எல்லார் முன்னாலும் சொல்வேன்: டிரைவரில் தப்பில்லை, போர்டு நான் வரைந்தது. சொல்லிவிட்டு நேரே ஸ்ரீரங்கம். அதன் பிறகும் தங்கச்சி என்னை அண்ணா என்று கூப்பிடுமா, தெரியவில்லை. கூப்பிடாவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

இன்று வரை உன் மச்சான்,
பாலு