அண்ணாந்து நாற்பது நிமிடம்

மார்ச் 4, புதன்
பாப்பா தூங்கிவிட்டாள். பாத்திரம் கழுவவில்லை. கிடக்கட்டும்.

பதினாறாம் தேதி ஆபரேஷன். தைராய்டில் இடது பாதியைக் கட்டியோடு எடுத்துவிடுவார்கள். கெட்ட கட்டி இல்லை, விழுங்கும்போது அழுத்துகிறது, அவ்வளவுதான். முழு மயக்கமா, கழுத்து மட்டும் மரத்துப்போக ஊசியா? எனக்கு இரண்டுமே சரிப்படுமாம். மயக்க மருந்து டாக்டரம்மா என்னையே யோசித்துச் சொல்லச் சொன்னார். எனக்கே தெரிந்தால் அவரிடம் ஏன் போகிறேன்?

மார்ச் 5
எழாமலே போய்விட்டால்? பாப்பாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. என் முகம்கூட நினைவிருக்காது.

மார்ச் 7, சனி
அம்மா போனில் முழுசா மயக்கிடச் சொல்லு என்கிறாள். அத்தை, பிள்ளை பெத்தப்போ முழிச்சிட்டுத்தானே இருந்தே, இது என்ன பெரிசு என்கிறார். இவரைக் கேட்டால், "உனக்கு எது சரின்னு படுதோ." எல்லாருக்கும் நல்லபிள்ளை!

மார்ச் 9
ஊசியே போதும் என்று சொல்லிவிட்டேன். முழித்திருந்தால் என் உயிர் என் கையில் என்று ஒரு நினைப்பு.

டாக்டரம்மா மறுக்கவில்லை. வீட்டில் ஒத்திகை பார்க்கச் சொன்னார். தோளுக்கடியில் தலையணை, தலை பின்னால் தொங்க, முகத்தின்மேல் துணி. நாற்பது நிமிடம் அசையக் கூடாது. அங்கே இதைப்போல இரண்டு மடங்கு ஆகுமாம்.

மார்ச் 10
ஒன்பதாவது நிமிடம் பாப்பா துணியைத் தூக்கி "ஆ!" என்றாள். சிரித்துவிட்டேன். இது கணக்கில் சேராது என்று இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

மறுபடி படுத்தேன். எச்சில் ஊறியது. மூக்கு அரித்தது. பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பார்த்தால் கதவருகே நிற்கிறேன். துண்டு தரையில். பாப்பா அழுகிற சத்தம் கேட்டு ஓடியிருக்கிறேன் — அவள் வீட்டிலேயே இல்லை! எப்போது எழுந்தேன்? பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

கழுத்தில் கத்தி இருக்கும்போது இப்படி எழுந்தால்?

இவர் வந்து கேட்டார். நாற்பது என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

மார்ச் 12
டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒத்திகையே அதுக்குத்தானே என்றார்.

"அப்ப தூங்க வெச்சிடுங்க. ஆனா என்னை எழுப்பிடணும் டாக்டர்."

"தூங்க வைக்கிறது சின்ன வேலை. எழுப்புறதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்."

வெளியே வந்து இவரிடமும் சொன்னேன். தெரியும் என்றார். அன்று அவரும் பாப்பாவும் வெளியே போய் வந்ததே இருபது நிமிடம்தானாம். மனுஷன் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 15
பை கட்டியாயிற்று. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 18, புதன்
வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் கட்டு. குரல் கரகரவென்று இருக்கிறது, தேறிவிடுமாம். பாப்பா கட்டைத் தொடாமல் என் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

கிளம்பும்போது நர்ஸ் சிரித்தாள். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா என்னை மூன்று தடவை எழுப்பினாராம். மூன்று தடவையும் நான் கையைத் தட்டிவிட்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேனாம்.