ஸ்பிரிங் இல்லாத காபி மிஷின்

அன்புள்ள கூட்டாளிக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது. 'ழ' போடுவதற்குள் இரண்டு தடவை கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. பென்சிலை அழுத்திப் பிடிப்பதால் தாளில் அங்கங்கே ஓட்டை விழுந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். வாசிக்க முடிகிறது! தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

'ஏலே, உனக்குத்தான் முன்னமே வாசிக்கத் தெரியுமே' என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் மெதுவாகத்தான் அதற்கு வருவேன்.

இன்று காலையில் உன் காபி மிஷினைத் துடைத்தேன். நீ போன பிறகு உன் வீட்டு மதினி அதை என்னிடம் கொடுத்துவிட்டார். கைப்பிடிக்குக் கீழே இருந்த ரப்பர் வாஷர் விரலில் பொடிந்து வந்தது. அதிலிருந்து பழைய காபி வாசம் அடித்தது. கடைசி நாட்களில் உன் சட்டையில் இருந்த அதே வாசம். துணியைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்துவிட்டேன்.

எண்பத்தாறு, எண்பத்தேழு இருக்குமா? நூல் சுற்றும் புது மிஷின் மாட்ட நம் மில்லுக்கு ஓர் இத்தாலிக்காரர் வந்திருந்தார். கெஸ்ட் ஹவுசில் ஆறேழு மாதம் தங்கினார். பெட்டி தூக்கப் போன நம் இருவருக்கும் ஒரு நாள் சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி கொடுத்தார். எனக்கு வாய் முழுக்கக் கசந்தது. நீ குடிக்காமல் கோப்பையை மூக்கருகில் வைத்துக்கொண்டே நின்றாய். இருபது வருஷம் பஞ்சு உதறும் புளோ ரூமில் தூசிக்குள் நின்றவன் நீ. பக்கத்தில் கருவாடு வறுத்தாலும் உனக்குத் தெரியாது. "ஏலே, எனக்கு வாசம் வருதுலே" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது.

அப்போதே உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அய்யனார் கோவிலுக்கு நடந்தபோது ஆறு வருவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாய். நெஞ்சிலிருக்கும் பஞ்சை இறக்கிவிடும் என்று ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் ஒரு துண்டு கருப்பட்டி வாயில் போடுவோம். நீ மூன்று துண்டு போட்டாய். பஞ்சு இறங்கவில்லை.

கடைசியில் ஆபீசில் கூப்பிட்டு, இனி உன்னால் வேலை பார்க்க முடியாது, மரியாதையாக நின்றுகொள் என்றார்கள். மானேஜர் சிரித்த முகத்தோடு, "வேற என்ன வேணும், கேளு" என்றாராம். நீ காபி மிஷினைக் கேட்டாய். இத்தாலிக்காரர் விட்டுப்போன இரண்டு மிஷின் கெஸ்ட் ஹவுசில் கிடந்தன. "ரெண்டுல ஒண்ண எடுத்துக்கோ. ஒரு தாள்ல கைநாட்டு மட்டும் வச்சிரு" என்றார். வாசிக்கத் தெரிந்தவன் என்று நீ என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாய்.

அன்று மத்தியானம் முழுக்கக் கெஸ்ட் ஹவுஸ் அடுப்படியில் அந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பெரியதில் ஸ்பிரிங் உண்டு. கைப்பிடியை ஒரே மூச்சில் கீழே இழுத்துவிட்டால், ஸ்பிரிங் தானே எழும்பி வெந்நீரைத் தூளுக்குள் அழுத்தும். சின்னதில் அது கிடையாது. கைப்பிடியைத் தூக்கி, கடைசிச் சொட்டு விழும்வரை நாமே அழுத்த வேண்டும்.

"பெருச எடு. ஒரு இழு, அம்புட்டுத்தான். மிச்சத்த அது பாத்துக்கும்" என்றேன்.

"மிச்சத்த அது பாத்துக்கிட்டா எனக்கு என்னலே சோலி?"

"உனக்கு மூச்சு வாங்குதுல்லா."

நீ வீம்புக்குப் பெரியதை இழுத்தாய். பாதியில் கை தளர்ந்தது. கைப்பிடி விர்ரென்று மேலே பாய்ந்தது. நூலிழையில் உன் தாடை தப்பியது. சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்கீங்க ரெண்டு பேரும்!"

"பொண்ணுன்னா இம்புட்டு நேரம் பாக்க விடுவாங்களா?" என்று சொல்லி, நீ சின்னதன் கைப்பிடியைப் பிடித்தாய். விட்டு விட்டு அழுத்தினாய். காபி வந்தது. "இதுதாம்லே. உள்ள எம்புட்டு இறுக்கம் இருக்குன்னு கைக்குத் தெரியுது."

கிளார்க் எத்தனையோ தடவை வாசலில் வந்து, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுவிட்டார். தாளை மேடைமேல் வைத்து, "வாசிச்சுப் பாத்துப் போடுங்க" என்றார். மிஷினிலிருந்து கையை எடுக்காமலே நீ, "பாத்துச் சொல்லுலே" என்றாய்.

நான் தாளைக் கையில் எடுத்தேன். டீக்கடையில் பேப்பரைப் பிடிப்பேனே, அப்படிப் பிடித்தேன். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். அடிவரை வந்ததும் தலையை ஆட்டினேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். நீ கைநாட்டு வைத்தாய். படம் போடுவதுபோலப் பழகி வைத்திருந்த என் கையெழுத்தை நான் போட்டேன்.

எனக்கு அன்று ஓர் எழுத்தும் தெரியாது. எழுதிவிட்டேன், பார். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சிக்கரி கலந்த தூள் உன் மிஷினில் அடைத்துக்கொண்டது. கடைக்காரரிடம் கலப்பில்லாமல், இன்னும் நைசாக அரைத்து வாங்கினாய். இரண்டு மாதம் காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். வாசம் மேலே வரும்போதெல்லாம் "வருது, வருது" என்பாய். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்த இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு நெஞ்சு அடைத்தது. மில் அட்டையைக் காட்டினால் மருந்து தரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அட்டை செல்லாது என்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா அந்தத் தாளின் நகலை வாசித்தார். வேலையைச் சொந்த விருப்பத்தில் விடுகிறாய், உன் நோய்க்கும் மில்லுக்கும் சம்பந்தமில்லை, இனி வைத்தியம் கேட்கமாட்டாய் என்று இருந்தது.

நீ என் பக்கம் திரும்புவாய் என்று பயந்தேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்கக் கத்தினாய். "எங்கூட்டாளி வாசிச்சுப் பாத்தாம்மா. அப்படி ஒண்ணும் அதுல இல்ல. பொறவு மாத்திட்டாங்க."

மில் தொழிலாளர் சங்கத்துக்காரரிடம் போனோம். அவர் உன்னை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். "வாசிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்கியிருந்தா இந்தத் தாள் நிக்காது. நாம வழக்குப் போடலாம். நீங்க வாசிச்சுக் காட்டினீங்களா, இல்லையா?"

அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உனக்கு ஆஸ்பத்திரி கிடைத்திருக்கலாம்.

"வாசிச்சேன்" என்றேன்.

"பொறவு நான் என்ன செய்ய?" என்று அவர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் வழியில் நீ எனக்கு ஆறுதல் சொன்னாய். "விடுலே. அவிய மாத்துனதுக்கு நீ என்ன செய்வ?"

அதற்குப் பிறகு மிஷின்தான் எல்லாவற்றையும் சொன்னது. முதலில் ஒரு கையால் அழுத்தினாய், பிறகு இரண்டு கையால். பிறகு காபி சொட்டுச் சொட்டாக வடிந்து, கோப்பை நிறைவதற்குள் ஆறிப்போனது. உன் கைமேல் என் கையை வைக்கப் போனால், "எடுலே கைய" என்பாய். தை மாதத்தில் ஒரு காலை, "நீ அழுத்து, நான் மோந்துக்கிடுதேன்" என்றாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

போன வருஷம் எனக்கும் வேலை முடிந்தது. நம் ராஜபாளையத்திலேயே முதியோர் வகுப்பு உண்டு. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பார், அப்போதும் வெட்கம் விடவில்லை. "தாத்தா, உங்க ஊர்ல வகுப்பு இல்லையா?" என்று டீச்சர் கேட்டாள். "உன்ன மாதிரி டீச்சர் இல்ல தாயி" என்றேன். முதன்முதலில் நானாக வாசித்தது ஒரு பஸ் போர்டு. கிருஷ்ணன்கோவில். எனக்கான பஸ் அது இல்லை. ஆனாலும் அது கிளம்பிப் போகும்வரை வாசித்துக்கொண்டே நின்றேன். அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே, இதை எட்டு வருஷத்துக்கு முன்னால் படித்திருக்கலாமே என்றும் தோன்றியது. இப்போதெல்லாம் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

மதினி இப்போது மகளோடு தேவதானத்தில் இருக்கிறார். எப்போது போனாலும் இலை போட்டுச் சோறு வைக்கிறார். "அவிய போறவரைக்கும் உங்களத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாக. பாவிங்க தாள மாத்தாம இருந்திருந்தா..." என்கிறார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை அவரிடம் கொண்டுபோகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மகளிடம் கொடுத்தால் அவள் வாசித்துவிடுவாள். கொடுக்கமாட்டேன். நான்தான் வாசித்துக் காட்டுவேன், ஒரு வரியும் விடாமல். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வாசித்துவிடுவேன்.

மதினி என்ன சொன்னார் என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். எழுந்து போகச் சொன்னால் அதையும் எழுதுகிறேன்.