குழாய் வாயில் சிமெண்ட்

28 ஆகஸ்ட் 1957, புதன்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மலாயாவில், காஜா பேராங் ஊரில் கிளப் குளத்து மண்கரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கரைக்குள் கசியும் தண்ணீர் வெளியேற அடியில் ஒரு குழாய் இருக்கிறது. தினமும் காலையில் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கசிவுப் புத்தகத்தில் எழுதுவேன். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கியிருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

இன்று போனால், குழாய் வாயைச் சிமெண்டால் அடைத்துப் புல் பதித்திருக்கிறார்கள்.

கிளப் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கேட்டேன். "சனிக்கிழமை மெர்டேக்கா, சுதந்திர விருந்துக்குப் பெரிய ஆளுங்க படகு விட வராங்க, மாணிக்கம். அங்க சொட்டிக்கிட்டு இருந்தா அசிங்கமா இருக்காதா? கசிவு இல்லைன்னு புக்குல எழுதிடு" என்றார்.

"தண்ணி வேற வழி தேடுங்கய்யா."

"தேடட்டும். விருந்து முடியட்டும்."

நான் எழுதவில்லை. அவரே என் புத்தகத்தை இழுத்து எழுதினார். இத்தனை வருஷமாக என் கையெழுத்து மட்டும் இருந்த புத்தகம்.

சாயங்காலம், கரைக்குக் கீழே என் தங்கை வள்ளி வீட்டு வேலியோரம் தண்ணீர் ஊறியது. "மழைகூட இல்லையேண்ணே" என்றாள். கடப்பாரையோடு போய்ச் சிமெண்டை உடைத்தேன். செம்மண்ணாகக் கொட்டியது. ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன்.

வள்ளியும் பிள்ளைகளும் இப்போது இங்கே என் வீட்டில் படுத்திருக்கிறார்கள். பாட்டில் மேசைமேல் இருக்கிறது. இவ்வளவு நேரம் எழுதியும் அதிலுள்ள தண்ணீர் தெளியவில்லை. காலையில் இதைக் கொண்டுபோய், கசிவு இல்லை என்று அவர் எழுதிய பக்கத்தின் மேலேயே வைப்பேன்.