இடப்பக்கம் போன பந்துகள்

பாசல், சுவிட்சர்லாந்து
ஜூன் 10

அன்புள்ள பிருந்தன் அண்ணாவுக்கு,

யாதவி எழுதுகிறேன், கோபிசனின் மனைவி. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் டொரொண்டோவில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே ரிஷானி சுகம். இரண்டாம் வகுப்பு முடியப் போகிறது. அதற்கு மேல் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தொலைபேசியில் கதைத்தால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். இவருக்குத் தெரியாது.

இவர் விளையாடுகிற கழகம் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை வாசித்தேன். ஐந்து ஆட்டங்களில் பன்னிரண்டு பந்துகள் எதிரணியின் கைக்குப் போயிருக்கின்றன, எறியும் வேகம் தளர்ந்துவிட்டது, முடிவெடுக்கப் பிந்துகிறார், முப்பத்தெட்டு வயதில் இது வழமைதான், மரியாதையோடு ஓய்வு கொடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பயிற்சியாளர் அதை உடை மாற்றும் அறையில் வைத்து இவரிடம் கொடுத்தாராம். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து பந்தைத் தொடவில்லை.

கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் பொய். முதல் கிழமை கோபம் இருந்தது. பத்து வருடம் இவர் எறிந்த பந்தைப் பிடித்தவர் நீங்கள். இப்போது கனடாவில் பிள்ளைகளுக்கு இதையே பழக்குகிறீர்கள். நான் கொக்குவிலில் இருந்து கலியாணம் முடித்து வந்த வருடம், புட்போல் என்றால் காலால் உதைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது அமெரிக்கர்களின் ஆட்டம், ஒருவர் கையால் எறிய மற்றவர் ஓடிப் பிடிக்க வேண்டும், எறிகிறவரைத்தான் குவார்ட்டர்பேக் என்பார்கள், அவருடைய கண்ணில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று எனக்கு விளங்கப்படுத்தியவரும் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளைச் சரி பார்க்கிறேன். பிழை அங்கொன்று இங்கொன்றாக வந்தால் ஒதுக்கிவிட்டுப் போவோம். ஒரே மூலையில் திரும்பத் திரும்ப வந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துவோம். அந்தப் பழக்கத்தில்தான் ஐந்து ஆட்டங்களின் வீடியோவையும் எடுத்து வைத்து, இவர் எறிந்த ஒவ்வொரு பந்தையும் எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று. எதிரணி பிடித்த பன்னிரண்டில் நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மற்றப் பத்தும் இடப்பக்கம்.

வலக்கையால் எறிகிறவனுக்கு இடப்பக்கம் முதுகுப்பக்கம், அங்கே தடுமாறுவது புதினமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்காக ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆட்டங்களையும் எண்ணினேன். அப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கை தளர்ந்ததாக எழுதினீர்கள். மூன்றாவது ஆட்டத்தில் வலப்பக்கம் ஐம்பது யார் தூரத்துக்கு இவர் எறிந்த பந்தை, ஓடுகிற பொடியன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். தளர்ந்த கை அப்படி எறியுமா அண்ணா?

வீட்டிலும் கவனிக்கத் தொடங்கினேன். கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறது. ரிஷானி இடப்பக்கம் வந்து கையைப் பிடித்தால் திடுக்கிடுகிறார். போன கிழமை அவள் என்னிடம், "அம்மா, அப்பா கதை வாசிக்கேக்க முதல் சொல்லை விட்டிட்டு வாசிக்கிறார்" என்றாள். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இவர் ட்ராம் ஓட்டுகிறார் அண்ணா. ஒவ்வொரு நாளும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும்.

வியாழக்கிழமை அவருக்குத் தெரியாமல் அவருடைய ட்ராமிலேயே ஏறினேன். சாரதி இருக்கைக்குப் பின்னால் சனத்துக்குள் நின்றேன். ஒரு கடவையில் இடப்பக்கமிருந்து வயதானவர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் அவரை எவ்வளவோ தூரத்தில் கண்டுவிட்டேன். இவர் மணி அடிக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த மனிதர் தானாகத் தள்ளி விழுந்ததால்தான் தப்பினார். சைக்கிளின் முன்சில்லு நெளிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இவர் சொன்னது, "அந்தாள் சடாரெண்டு குறுக்க வந்திட்டுது." சடாரென்று வரவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வைத்தியரிடம் போவோம் என்று கெஞ்சினேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவைக் காட்டினார். "பிருந்தனே எழுதிப்போட்டான். அவனுக்குத் தெரியாததை டொக்டர் என்ன சொல்லப் போறார்? வயசு போட்டுது. விடும்" என்றார். வேலையிடத்தில் நானே சொல்லிவிடுவேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "சொன்னீரெண்டால் அதோட நீர் எனக்கு ஆருமில்லை" என்றார்.

எந்தப் பந்து, எத்தனையாவது நிமிடம் என்ற பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். தயவுசெய்து திரும்பப் பாருங்கள். நான் நினைப்பது பிழை என்றால் அப்படியே எழுதுங்கள், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். சரியென்றால் இவரோடு கதையுங்கள். உங்கள் சொல்லால் இறுகிப்போன மனம், உங்கள் சொல்லால்தான் இளகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பொறுத்திருப்பேன். அதற்கு மேல் ஒவ்வொரு ட்ராம் மணியையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன், வேலையிடத்தில் போய்ச் சொல்லிவிடுவேன்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை
யாதவி


டொரொண்டோ
ஜூன் 15, சனிக்கிழமை

மச்சான் கோபி,

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆறு நாள் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். அங்கே தொலைபேசி வேலை செய்யாது. நேற்றுப் பின்னேரம் திரும்பிய பிறகுதான் யாதவியின் கடிதத்தைப் பார்த்தேன். உனக்கு நாலு தரம் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. எழுதினால் வாசிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். கழகம் எனக்கு அனுப்பியது அந்தப் பன்னிரண்டு பந்துகளின் துண்டுகள் மட்டும்தான். பிழைத்தவை மட்டும். முழு ஆட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். வாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் உன் பதினெட்டு வருட ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இன்று விடிந்ததிலிருந்து ஐந்து ஆட்டத்தையும் முழுக்கப் பார்த்தேன். உன் கை போகவில்லை மச்சான். மூன்றாவது ஆட்டத்தில் நீ எறிந்ததைப் போல் எனக்கு நீ ஒருநாளும் எறிந்ததில்லை. பந்து எங்கே விழுகிறது என்று பார்த்தேனே தவிர, உன் தலை எங்கே திரும்புகிறது என்று நான் பார்க்கவில்லை. இடப்பக்கத்தில் நிற்கிற எதிரணிக்காரனைக் கண்டு, அவனை ஏமாற்றலாம் என்று நம்பி நீ எறியவில்லை. அவன் அங்கே நிற்பதே உனக்குத் தெரியவில்லை. இது வயதில்லை. வேறு என்னவோ.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உனக்கும் தெரியுமோ? தெரிந்துதான் என் அறிக்கையைக் கதவில் ஒட்டி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாயோ? வயது என்றால் ஆட்டம் மட்டும் போகும், கண் என்றால் வேலையும் போகும் என்று பயந்தாயோ? அப்படியானால் உனக்கு ஒளிய இடம் செய்து கொடுத்தது நான்தான்.

திங்கட்கிழமை ட்ராமில் ஏறாதே. யாதவியைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போ. அவள் உனக்கு எதிராக நிற்கவில்லை. நீ காணாத பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

உன்
பிருந்தன்


பாசல்
ஜூலை 2

அன்புள்ள பிருந்தன் அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்து எழுதுகிறேன். இவர் தூங்குகிறார்.

தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். பிறகு ட்ராம் பணிமனைக்குப் போய் அவருடைய மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்த பிறகு நன்றி என்று கை கொடுத்தார். அந்தக் கை கொடுப்புத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு இவரை ட்ராமிலிருந்து இறக்கி, வேறொருவரை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சனத்துக்கு முன்னால். வீட்டுக்கு வந்து சீருடைச் சட்டையைக் கழற்றி, மடித்து, என் கையில் தந்தார். "திங்கக்கிழமை டொக்டரிட்டப் போறதெண்டுதான் இருந்தனான்" என்றார். அவ்வளவுதான். என்னோடு அவர் கடைசியாகக் கதைத்தது அது. உண்மையாகவே போக நினைத்தாரா, என்னை நோகடிக்கச் சொன்னாரா, எனக்கு இனித் தெரியப் போவதில்லை.

அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. மூன்று தரம் வாசித்தார். கதவிலிருந்து அந்த அறிக்கையைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டார். திங்கட்கிழமை காலையில் தானாக வெளிக்கிட்டு நின்றார். நான் பின்னால் போனேன்.

கண் வைத்தியரிடம் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் பொட்டுத் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். கிளிக், கிளிக் என்று கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. சோதனை முடிந்துவிட்டது என்று எழும்பினேன். முடியவில்லை. பொட்டுகள் இடப்பக்கம் வந்துகொண்டிருந்திருக்கின்றன.

தலைக்குள், பின்பக்கம் வலது பாதியில், ஒரு கட்டி. அப்ரிகோட் பழமளவு, ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். பல வருடமாக மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறதாம். மெல்ல வளர்ந்ததால்தான், குறைந்துகொண்டு போனது அவருக்கே முதலில் தெரியவில்லை. போன வியாழக்கிழமை ஏழு மணித்தியாலம் ஒபரேஷன் செய்தார்கள். பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், புற்றுநோயில்லை. போன பார்வையில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். ட்ராம் இனி இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆட்டத்தைப் பற்றி இவர் கேட்கவேயில்லை.

உயிர் இருக்கிறது. நூறு தரம் அதைச் சொல்லிக்கொள்கிறேன். தாதிமாரோடு பகிடி விடுகிறார், ரிஷானியோடு சிரிக்கிறார், அவளுடைய கதைப் புத்தகத்தில் விரலை வரியின் தொடக்கத்தில் வைத்து முதல் சொல்லைப் பிடிக்கப் பழகுகிறார். என்னோடு மட்டும் இல்லை. சாப்பாட்டை வாங்குகிறார், உடுப்பை வாங்குகிறார், பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நேற்று தாதி என் கதிரையை அவருடைய வலப்பக்கம் போட்டாள், அங்கேயிருந்தால் அவருக்கு என்னைத் தெரியும் என்று. அவர் ஜெர்மன் மொழியில் மரியாதையாக, கதிரையை மற்றப் பக்கம் போடும்படி கேட்டார். அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நானே தூக்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டு இருந்தேன்.

திரும்ப அந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் நான் அந்தப் பணிமனைக்குப் போவேன். அந்த வயதானவரின் சைக்கிள் நிலத்தில் கிடந்த கிடை கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் பதினான்கு வருடம் என்னோடு வாழ்ந்த மனிதருக்கு, பக்கத்தில் கிடக்கிற என் மூச்சுச் சத்தம்கூட வேண்டாமல் போய்விட்டது என்றால், நான் எங்கே போவேன் அண்ணா?

ஓகஸ்டில் எப்படியாவது லீவு எடுத்து வாருங்கள். எனக்காக வாதாட வேண்டாம். நான் செய்தது சரி என்று அவருக்கு விளங்கப்படுத்தவும் வேண்டாம், அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வந்து பக்கத்தில் இருந்து எதையாவது கதையுங்கள். கதைக்கிற போக்கில் ஒருநாள் அவர் வாயில் என் பெயர் வந்தால், கோபத்தில் வந்தாலும் பரவாயில்லை, வந்தது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

அண்ணியையும் பிள்ளைகளையும் நோய்நொடி அண்டாமல் பிள்ளையார் காக்கட்டும்.

அன்புத் தங்கை
யாதவி